பாஸ்போ-பி38 பட்டை எதை நிரூபிக்கிறது?

செல் உயிரியல் ஆய்விதழ்களைப் புரட்டுகிறவர்களுக்கு ஒரு படம் மிகவும் பழக்கமானது. மேல் வரிசையில் நான்கைந்து கறுப்புப் பட்டைகள், சில அடர்த்தியாக, சில வெளிறி. கீழ் வரிசையில் எல்லாம் ஒரே அடர்த்தி. மேல் வரிசைக்குப் பக்கத்தில் ‘பாஸ்போ-பி38’ (பாஸ்பேட் ஏறிய பி38) என்றும் கீழ் வரிசைக்குப் பக்கத்தில் ‘மொத்த பி38’ என்றும் எழுதியிருக்கும். நச்சுப் பொருள் கொடுத்த செல்களில் மேல் பட்டை கறுத்திருந்தால், நெருக்கடிச் சமிக்ஞைப் பாதை முடுக்கப்பட்டுவிட்டது என்று கட்டுரை முடிவு கட்டும். ஏதோ ஒரு மூலிகைச் சாறு கொடுத்ததும் அது வெளிறியிருந்தால், சாறு அந்தப் பாதையை அடக்கிவிட்டது என்று முடிவு கட்டும். அடுத்த பத்தியில் பேச்சு அழற்சி, புற்றுநோய், நரம்புச் சிதைவு என்று நகர்ந்துவிடும். இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. பெயர்பெற்ற நிறுவனம் விற்பதும் ஏராளமான கட்டுரைகளில் பயன்பட்டதுமான ஓர் ஆன்டிபாடி கறுப்புப் பட்டையைக் காட்டினால், அந்தப் புரதம் அங்கே வேலை செய்கிறது என்பதுதான் அது. நெறியாளர் மாணவருக்கு அப்படித்தான் கற்றுத்தருகிறார். மதிப்பாய்வாளரும் அதற்கு மேல் கேட்பதில்லை. இந்த நம்பிக்கை தவறு என்பது என் வாதம். ஆன்டிபாடி காட்டுவது ஒரு சிறிய வேதி வடிவம் அங்கே இருக்கிறது என்பதை மட்டும்தான். அந்த வடிவம் எந்தப் புரதத்தின் மேல் இருக்கிறது, அந்தப் புரதம் உண்மையில் வேலை செய்கிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் வேறு சான்று வேண்டும். விலைப்பட்டியலும் மேற்கோள் எண்ணிக்கையும் அந்தச் சான்றைத் தரமாட்டா.

பி38 சாதாரணமான புரதம் அல்ல என்பதால்தான் இதில் இவ்வளவு கவனம் தேவைப்படுகிறது. 1994இல் பல ஆய்வுக் குழுக்கள் வெவ்வேறு வழிகளில் வந்து இதே புரதத்தைக் கண்டடைந்தன. அமெரிக்காவின் ஸ்க்ரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் ஜியாஹுவாய் ஹானும் ரிச்சர்ட் உலெவிச்சும் பாக்டீரிய நச்சு பட்ட வெள்ளணுக்களில் அதைக் கண்டார்கள். ஸ்மித்கிளைன் பீச்சம் மருந்து நிறுவனத்தாரோ, அழற்சிப் புரதங்களின் உற்பத்தியைக் குறைத்த சில சேர்மங்கள் செல்லுக்குள் எதைப் பிடிக்கின்றன என்று தேடிப்போய் அங்கேயே வந்து சேர்ந்தார்கள். உப்பு கூடினால் ஈஸ்ட் செல்லைக் காப்பாற்றும் ஹாக்1 என்ற புரதத்தின் உறவுக்காரன் இது. புற ஊதாக் கதிர், உப்புச் செறிவு, ஆர்செனைட், பாக்டீரிய நச்சு என எந்த நெருக்கடி வந்தாலும் பெரும்பாலும் எம்கேகே3, எம்கேகே6 என்னும் மேல்நிலைக் கைனேஸ்கள் பி38 மேல் இரண்டு இடங்களில் பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. 180ஆம் இடத்து த்ரியோனின் ஒன்று, 182ஆம் இடத்து டைரோசின் இன்னொன்று. இரண்டும் ஏறியதும் புரதத்தின் ஒரு மடிப்பு இடம் பெயர்கிறது, நொதி விழித்துக்கொள்கிறது. தூய்மைப்படுத்திய புரதத்தைச் சோதனைக் குழாயில் வைத்துப் பார்த்தால் இதில் ஐயமே இல்லை. ‘பாஸ்பேட் இருந்தால் வேலை இருக்கிறது’ என்ற சமன்பாடு அங்கிருந்துதான் வந்தது. சோதனைக் குழாயில் இருப்பது ஒரே ஒரு புரதம். செல்லில் ஆயிரக்கணக்கானவை. சமன்பாடு குழாயிலிருந்து செல்லுக்கு இடம் மாறியபோது இந்த வேறுபாட்டைப் பலர் கணக்கில் எடுக்கவில்லை.

ஆன்டிபாடி எப்படி உருவாகிறது என்று பார்த்தால் அதன் எல்லை தெரியும். அந்த இரண்டு பாஸ்பேட்டுகளும் ஏறிய ஒரு சிறு புரதத் துண்டைச் செயற்கையாகச் செய்து முயலுக்கு ஊசி போடுகிறார்கள். முயலின் உடல் உருவாக்கும் ஆன்டிபாடிகளில் பாஸ்பேட் உள்ள துண்டைப் பிடிப்பதை வைத்துக்கொண்டு, பாஸ்பேட் இல்லாததையும் பிடிப்பதைக் கழித்துவிடுகிறார்கள். பாஸ்பேட் ஏறிய வடிவத்தை மட்டும் அடையாளம் காணும் ஆன்டிபாடி சாத்தியம் என்பதை 1980களின் தொடக்கத்தில் பால் கிரீன்கார்டின் குழு உள்ளிட்டோர் காட்டினார்கள். அது பெரிய சாதனைதான். அதற்கு முன் கதிரியக்கப் பாஸ்பரஸைச் செல்லுக்கு ஊட்டி நாட்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. சாதனையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் முயலின் நோயெதிர்ப்பு மண்டலத்துக்குக் காட்டப்பட்டது முழுப் புரதம் அல்ல, பத்துப் பன்னிரண்டு அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு. பி38க்கு நான்கு வடிவங்கள் உண்டு: ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா. பாஸ்பேட் ஏறும் இடத்தைச் சுற்றியுள்ள குளூட்டமிக் அமிலம், மெத்தியோனின், த்ரியோனின், கிளைசின், டைரோசின், வாலின் என்ற ஆறு அமிலங்களின் வரிசை நான்கிலும் ஒன்றேதான். எனவே பெரும்பாலான பாஸ்போ-பி38 ஆன்டிபாடிகளுக்கு நான்கும் ஏறக்குறைய ஒரே முகம். உடலுக்கு அவை ஒன்றல்ல. காமா எலும்புத் தசையில் மிகுதி. பி38இன் வேலையைத் தடுக்க ஆய்வகங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் எஸ்பி203580 என்ற சேர்மம் ஆல்ஃபாவையும் பீட்டாவையும் பிடிக்கும், காமாவையும் டெல்டாவையும் தொடாது. தசைத் திசுவில் எடுத்த ஒரு பட்டையைக் காட்டி ‘பி38 முடுக்கப்பட்டது, எஸ்பி203580 அதைத் தடுக்கும்’ என்று எழுதுகிறவர், பட்டையில் தெரிவது எந்த வடிவம் என்று சொல்லாமலே அடுத்த அடி எடுத்து வைக்கிறார்.

பி38க்கு நெருங்கிய உறவினர்கள் வேறு இருக்கிறார்கள். ஈஆர்கே, ஜேஎன்கே ஆகிய கைனேஸ்களிலும் த்ரியோனினும் டைரோசினும் இதே போல ஒரே ஓர் அமிலத்தை இடையில் விட்டு நிற்கின்றன. பி38இல் இடையில் கிளைசின், ஈஆர்கேயில் குளூட்டமிக் அமிலம், ஜேஎன்கேயில் புரோலின். வேறுபாடு அவ்வளவு சிறியது. புரதங்களை எடைப்படி பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் எடை நமக்கு உதவுகிறது: 38 கிலோடால்டன் அருகில் பி38; 42, 44 அருகில் ஈஆர்கே; 46, 54 அருகில் ஜேஎன்கே. ஆனால் படத்தை வெட்டிப் பட்டையை மட்டும் அச்சிடும்போது அந்த உதவியையும் கைவிடுகிறோம். நுண்ணோக்கியின் கீழ்ச் செல்லுக்கு ஒளிர்சாயம் ஏற்றிப் பார்க்கும் முறையிலோ எடை என்ற அளவுகோலே கிடையாது. அங்கே ஒளிர்வது எல்லாம் பி38தான் என்று சொல்ல ஆன்டிபாடியின் பெயரைத் தவிர எந்த ஆதாரமும் இல்லை. அப்படிப்பட்ட படங்களை வைத்து ‘பி38 உட்கருவுக்குள் நுழைந்தது’ என்று எழுதுவது எனக்கு மிகவும் கவலை தருகிறது.

சரி, பட்டை உண்மையிலேயே பி38ஆல்ஃபாதான் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் பாஸ்பேட் என்பது வேலைக்குச் சமம் ஆகாது. என் வாதத்தின் முதுகெலும்பு இங்கேதான் இருக்கிறது. எஸ்பி203580 பி38இல் பாஸ்பேட்டைத் தரும் ஏடிபி அமரும் குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. நொதி வேறெதன் மேலும் பாஸ்பேட்டை ஏற்ற முடியாது, அதன் வேலை நின்றுவிடுகிறது. ஆனால் எம்கேகே6 வந்து பி38 மேல் பாஸ்பேட் ஏற்றுவதை அது பொதுவாகத் தடுப்பதில்லை. இன்னும் ஒரு படி போகலாம். வேலை செய்யும் பி38ஆல்ஃபா, தனக்கு மேலே இருக்கும் டாக்1 என்ற கைனேஸை டாப்1 என்ற துணைப் புரதம் வழியாகத் தணித்து வைக்கிறது என்பதை 2003இல் டண்டீ பல்கலைக்கழகத்தில் பிலிப் கோஹனின் குழு காட்டியது. பி38ஐத் தடுத்தால் அந்தக் கடிவாளம் அவிழ்கிறது. மேல்நிலைக் கைனேஸ்கள் கூடுதலாக முடுக்கம் பெறுகின்றன. ஆகவே நொதி முற்றிலும் முடக்கப்பட்ட செல்லில் பாஸ்போ-பி38 பட்டை குறையாமல் நிற்கலாம், கறுப்பாகவும் ஆகலாம். இதற்கு எதிராக, பிஐஆர்பி796 என்ற வேறொரு தடுப்பான் பி38இன் வடிவத்தையே மாற்றிப் பிடிப்பதால் பாஸ்பேட் ஏறுவதையும் குறைக்கக்கூடியது. இரண்டு மருந்துகளும் நொதியை நிறுத்துகின்றன. பட்டையோ ஒன்றில் ஒரு பக்கமும் மற்றதில் இன்னொரு பக்கமும் போகிறது. வேலையின் அளவுகோல் என்று இதை எப்படி அழைப்பது? பாஸ்பேட் ஏறும் வழியும் ஒன்றல்ல. டாப்1 சேர்ந்தால் பி38ஆல்ஃபா தன் மேல் தானே பாஸ்பேட்டை ஏற்றிக்கொள்ளும். டி செல்களில் ஜாப்70 என்ற கைனேஸ் 323ஆம் இடத்து டைரோசினில் பாஸ்பேட் ஏற்ற, அதன் விளைவாகப் பி38 தன் மேல் தானே பாஸ்பேட் ஏற்றிக்கொள்வதை ஜொனாதன் ஆஷ்வெல்லின் குழு 2005இல் காட்டியது. அப்படி ஏறுவது பெரிதும் த்ரியோனினில் மட்டும் என்பது பின்னர் தெரிந்தது. த்ரியோனினில் மட்டும் பாஸ்பேட் இருந்தால் நொதிக்குப் பகுதி வேலை உண்டு. டைரோசினில் மட்டும் இருந்தால் ஏறக்குறைய இல்லை. ஒற்றைப் பாஸ்பேட் வடிவங்களை எந்த அளவு பிடிக்கும் என்பது ஆன்டிபாடிக்கு ஆன்டிபாடி மாறும்.

இதை மருந்து ஆய்வாளர்கள் நீண்ட காலமாக அறிவார்கள். பி38 தடுப்பானான லோஸ்மாபிமாடை மனிதர்களுக்குக் கொடுத்துச் சோதித்தபோது, மருந்து தன் வேலையைச் செய்கிறதா என்று பார்க்க ரத்தத்தில் அவர்கள் அளந்தது பாஸ்பேட் ஏறிய எச்எஸ்பி27 என்ற புரதத்தை. பி38 எம்கே2 என்ற கைனேஸை முடுக்க, எம்கே2 போய் எச்எஸ்பி27 மேல் பாஸ்பேட் ஏற்றும். அதாவது நொதியின் மேல் இருக்கும் அடையாளத்தை விட்டுவிட்டு, நொதி செய்து முடித்த வேலையின் தடயத்தைத் தேடினார்கள். மாரடைப்பு நோயாளிகள் 3,503 பேரிடம் நடந்த லாட்டிட்யூட் ஆய்வில் அந்த மருந்து மீண்டும் மாரடைப்பு வருவதையும் இதய மரணங்களையும் குறைக்கவில்லை என்று 2016இல் வெளியானது. அதற்குக் காரணம் ஆன்டிபாடிகள் என்று நான் சொல்லவில்லை. காரணங்கள் உயிரியலின் ஆழத்தில் இருக்கக்கூடும். ஆனால் மனித உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் போதாது என்று ஒதுக்கப்பட்ட ஓர் அளவை, ஆய்வகத்தில் ஏன் முழுச் சான்றாக ஏற்கிறோம் என்ற கேள்வி நிற்கிறது.

இதற்கு வரும் முதல் எதிர்வாதம் அனுபவத்தின் பெயரால் வருவது: இத்தனை ஆண்டுகளாக இத்தனை ஆய்வகங்கள் பயன்படுத்தும் ஆன்டிபாடி தவறாக இருக்க முடியுமா? முடியும் என்பதற்கு வரலாறு இருக்கிறது. சிவப்பணு வளர்ச்சியைத் தூண்டும் எரித்ரோபொய்ட்டினின் ஏற்பிப் புரதத்தைப் புற்றுநோய்ச் செல்களில் கண்டதாகப் பல கட்டுரைகள் சொல்லிவந்தன. ரத்தசோகை உள்ள புற்றுநோயாளிகளுக்கு அந்த ஹார்மோனைக் கொடுக்கலாமா என்ற மருத்துவ முடிவே அதில் சிக்கியிருந்தது. அந்தக் கட்டுரைகளில் பெரிதும் பயன்பட்ட சி-20 என்ற ஆன்டிபாடி, ஏற்பியை விட்டுவிட்டு எச்எஸ்பி70 என்ற நெருக்கடிப் புரதத்தைப் பிடித்திருக்கிறது என்று 2006இல் தெரிந்தது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பீட்டாவுக்கான 13 ஆன்டிபாடிகளை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2017இல் சோதித்தபோது எல்லாச் சோதனைகளிலும் தேறியது ஒன்றே ஒன்று. மான்ட்ரியாலைச் சேர்ந்த ஒய்காரோஸ் கூட்டு முயற்சி, 65 புரதங்களுக்கான 614 வணிக ஆன்டிபாடிகளை அந்தந்தப் புரதத்துக்கான மரபணு நீக்கப்பட்ட செல்களோடு ஒப்பிட்டு 2023இல் முடிவுகளை வெளியிட்டது. ஒரு புரதத்துக்குச் சராசரியாக 12 கட்டுரைகள், அந்தப் புரதத்தைக் காணவே முடியாத ஆன்டிபாடியைப் பயன்படுத்தியிருந்தன. ஒரு கட்டுரை முந்தைய கட்டுரையைப் பார்த்து ஆன்டிபாடியை வாங்குகிறது, அடுத்தது இதைப் பார்த்து வாங்குகிறது. எண்ணிக்கை பெருகுகிறது, சோதனை ஒன்றுகூடக் கூடவில்லை. ஒய்காரோஸ் ஆய்வு புரதத்தையே தேடும் ஆன்டிபாடிகளைப் பற்றியது, பாஸ்பேட்டைத் தேடுபவை பற்றியது அல்ல என்று ஒருவர் சொல்லலாம். அது என் வாதத்தைப் பலப்படுத்தவே செய்கிறது. புரதத்தின் மேல் ஏறும் மாற்றங்களைத் தேடுவது அதைவிடக் கடினமான வேலை. ஹிஸ்டோன் புரதங்களின் மாற்றங்களைக் கண்டறியும் 200க்கும் மேற்பட்ட ஆன்டிபாடிகள் சோதிக்கப்பட்டு 2011இல் முடிவு வெளியானபோது, கால்வாசிக்கும் மேல் தேறவில்லை.

இரண்டாவது எதிர்வாதம் இதைவிடக் கனமானது. நாங்கள் சும்மா நம்பவில்லை, கட்டுப்பாட்டுச் சோதனை செய்திருக்கிறோம் என்கிறார்கள். எந்தச் சோதனை என்று பார்க்க வேண்டும். ஆன்டிபாடியைத் தயாரிக்கப் பயன்பட்ட அதே புரதத் துண்டை அதனோடு கலந்துவிட்டுப் பிளாட்டில் ஊற்றினால் பட்டை மறைகிறது. ஆகவே பட்டை உண்மை என்பது ஒரு வாதம். கண்ணைக் கட்டிவிட்டால் ஒருவர் நண்பரையும் பார்க்கமாட்டார், அந்நியரையும் பார்க்கமாட்டார். கட்டுவதற்கு முன் அவர் பார்த்தது நண்பரைத்தான் என்று அதனால் நிரூபணம் ஆவதில்லை. பாஸ்பேட்டை நீக்கும் நொதியைச் சேர்த்ததும் பட்டை போய்விடுகிறது என்பது அடுத்த வாதம். அந்த நொதி எல்லாப் புரதங்களின் பாஸ்பேட்டையும் கழற்றுகிறது. ஆன்டிபாடி பாஸ்பேட்டைச் சார்ந்திருக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று, எந்தப் புரதம் என்பதற்குச் சான்றே அல்ல. செல்லுக்கு நெருக்கடி தரும் அனிசோமைசினோ சார்பிட்டாலோ கொடுத்தால் பட்டை கறுக்கிறதே என்பார்கள். அவை ஜேஎன்கேயையும் கூடவே முடுக்குகின்றன. பல புரதங்களின் பாஸ்பேட்டுகளை ஒரே நேரத்தில் மாற்றுகின்றன. தூண்டினால் கூடுகிறது என்பது உண்மைப் பட்டைக்கும் பொய்ப் பட்டைக்கும் பொதுவான குணம். இந்த மூன்று சோதனைகளும் வீண் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்குப் பதில் தருகிறது. அந்தக் கேள்வி ‘இது பி38தானா’ என்பதில்லை. அதற்குப் பதில் தருவது பி38ஆல்ஃபாவின் மரபணுவை நீக்கிய செல்லும், த்ரியோனினையும் டைரோசினையும் வேறு அமிலங்களாக மாற்றிய வடிவமும், எம்கேகே3, எம்கேகே6 இரண்டும் இல்லாத செல்லும்தான்.

நெருக்கடிப் புரதங்களுக்கே உரிய இன்னொரு சிக்கல் இருக்கிறது. இதைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுகிறோம். செல்லைச் சோதிக்கும் செயலே அதற்கு ஒரு நெருக்கடி. வளர்ப்பு ஊடகத்தை மாற்றுவது, தட்டிலிருந்து செல்லைப் பிரித்தெடுப்பது, குளிர்ந்த கரைசலில் கழுவுவது, உப்புச் செறிவு சிறிது மாறுவது எல்லாமே பி38ஐத் தொட்டு எழுப்பக்கூடியவை. அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டியோ ரத்த ஓட்டம் நின்றபின் மேசையில் காத்திருக்கிறது. ரத்தம் நின்ற கட்டிகளில் புரதங்களின் அளவு மாறாமல் இருக்கும்போதே நெருக்கடிக் கைனேஸ் பாதைகளின் பாஸ்பேட்டுகள் சில நிமிடங்களில் மாறத் தொடங்குகின்றன என்று புரதத் துண்டுகளை நிறையால் பிரித்தறியும் நிறைமாலை ஆய்வொன்று 2014இல் காட்டியது. அப்படியென்றால் நோயாளியின் திசுவில் தெரியும் பாஸ்போ-பி38 நோயின் தடயமா, மேசையில் காத்திருந்த நேரத்தின் தடயமா? காத்திருந்த நேரத்தைக் குறிக்காத கட்டுரைக்கு இதற்குப் பதில் இருக்க முடியாது. கால அளவிலும் இதே கதை. நெருக்கடி வந்த சில நிமிடங்களில் பாஸ்பேட் உச்சத்தைத் தொடும். பிறகு டஸ்ப்1 போன்ற நொதிகள் அதைக் கழற்றிவிடும். மருந்து கொடுத்து 24 மணி நேரம் கழித்து ஒரே ஒருமுறை எடுத்த பட்டை முதல் விளைவைச் சொல்கிறதா, செத்துக்கொண்டிருக்கும் செல்லின் இரண்டாம் நிலைத் தடுமாற்றத்தைச் சொல்கிறதா என்பது அந்தப் பட்டையில் எழுதியிருக்காது.

பணம் இல்லாத ஆய்வகங்கள் என்ன செய்யும் என்று கேட்பவர்களின் கேள்வியை நான் மிக மதிக்கிறேன். ஒரு குப்பி ஆன்டிபாடியின் விலையே ஒரு மாணவரின் ஆண்டுத் திட்டத்தைப் புரட்டிப்போடும் இடங்கள் பல உண்டு. ஆனால் இந்தக் கேள்வியின் விடை கட்டுப்பாட்டுச் சோதனையைக் கைவிடுவது அல்ல. பி38ஆல்ஃபா இல்லாத செல்கள் வளர்ப்பில் உயிர் வாழ்கின்றன. அவற்றை ஒருமுறை வாங்கினாலோ இன்னோர் ஆய்வகத்திடம் கேட்டுப் பெற்றாலோ ஆண்டுக்கணக்கில் வளர்த்துக்கொள்ளலாம். அதுவும் முடியாவிட்டால் சிறு ஆர்என்ஏ கொண்டு அந்த மரபணுவைத் தணித்துப் பிளாட்டில் ஒரு தடம் ஓட்டலாம். அந்தச் செல்களில் மற்றப் பாதைகளும் மாறியிருக்கும் என்பது உண்மை. அதனால் அவற்றை ஆன்டிபாடியைச் சோதிக்க மட்டும் பயன்படுத்த வேண்டும், உயிரியல் முடிவுக்கு நேரடியாக அல்ல. எச்எஸ்பி27இன் பாஸ்பேட்டைப் பார்க்க இன்னோர் ஆன்டிபாடி வேண்டும், அதுவும் அதே போலச் சோதிக்கப்பட வேண்டும். இது செலவுதான். தவறான பட்டையின் மேல் மூன்றாண்டு கட்டிய முனைவர் பட்ட ஆய்வும், அதற்காகக் கொல்லப்பட்ட எலிகளும் இதைவிடப் பெரிய செலவு. வசதியுள்ள இடங்களில் நிறைமாலைமானி இருக்கிறது. ஆன்டிபாடிக்கு ஒன்றாகத் தெரியும் நான்கு வடிவங்களையும் அது பிரித்துவிடும். பொதுவான அந்த ஆறு அமிலங்களுக்கு முன்னும் பின்னும் வரும் அமிலங்கள் வேறு. துண்டின் நிறையும் வேறு.

அப்படியானால் முப்பதாண்டு பி38 ஆய்வு முழுவதும் வீண் என்கிறீர்களா என்று கேட்கலாம். இல்லை. நெருக்கடியில் பி38 முடுக்கப்படுகிறது என்ற அடிப்படை, ஈஸ்ட் மரபியலிலும் நொதி அளவீட்டிலும் மரபணு நீக்கிய எலிகளிலும் வெவ்வேறு கைகளால் உறுதிப்பட்டது. அது ஓர் ஆன்டிபாடியின் தோளில் நிற்கவில்லை. நல்ல பாஸ்போ-பி38 ஆன்டிபாடிகளும் இருக்கின்றன. ஒரே மரபணு வரிசையிலிருந்து மீண்டும் மீண்டும் தயாரிக்கப்படும் மறுசேர்க்கை ஆன்டிபாடிகள் குப்பிக்குக் குப்பி மாறாமல் வருகின்றன. ஒய்காரோஸ் சோதனையிலும் அவையே மற்றவற்றைவிடச் சிறப்பாகத் தேறின. ஆட்டம் காண்பது, ஒரு குறிப்பிட்ட மருந்தோ சாறோ நச்சோ ஒரு குறிப்பிட்ட செல்லில் ‘பி38 வழியாக’ வேலை செய்கிறது என்று ஒற்றைப் பட்டையை வைத்துச் சொன்ன நூற்றுக்கணக்கான தனிக் கூற்றுகள். அவற்றை மேற்கோள் காட்டுமுன், அந்தக் கட்டுரையில் வெட்டப்படாத முழுப் பிளாட் இருக்கிறதா, ஆன்டிபாடியின் பட்டியல் எண்ணும் குப்பி எண்ணும் இருக்கின்றனவா, மரபணு நீக்கிய செல்லின் தடம் இருக்கிறதா, எம்கே2வோ எச்எஸ்பி27வோ அளக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். ஆய்விதழ்கள் இந்த நான்கையும் துணைக் கோப்பிலாவது கட்டாயமாக்க வேண்டும். மதிப்பாய்வாளர் இவற்றைக் கேட்டால், ‘எல்லோரும் பயன்படுத்தும் ஆன்டிபாடிதான்’ என்ற பதிலை இதழாசிரியர்கள் ஏற்கக் கூடாது.